பதினேழு பக்கத்தில் காற்றைக் கட்டியவன்

மார்ச் 14, வெள்ளிக்கிழமை. மதியம் இரண்டு நாற்பது. காற்று மணிக்கு ஐம்பத்தெட்டு கிலோமீட்டர்.

அன்புள்ள மாத்திரைக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். "கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் மாத்திரைன்னே கூப்பிடுறீங்க, மருந்துக்கடையில கூட வேலை பாக்கறவங்க சிரிக்கிறாங்க" என்று போன வாரம் கோபித்துக்கொண்டாய். சிரிக்கட்டும். சின்ன உருவம், கசப்பு வாய், ஆனால் உடம்புக்கு நல்லது. வேறு பெயர் எனக்குத் தோன்றவில்லை.

உன் நாவல் நேற்றுக் காலை கூரியரில் வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமும் படித்துவிட்டேன். போனில் சொன்னால் சண்டை வரும், எழுதி அனுப்புங்க என்றாய். அதனால் எழுதுகிறேன். இன்று எழுத நேரமும் இருக்கிறது. காற்று ஐம்பதைத் தாண்டினால் கிரேன் ஓட்டக் கூடாது என்பது எங்கள் சட்டம். மேலே என் கிரேன் பிரேக்கை எடுத்துவிட்ட நிலையில், காற்று தள்ளுகிற பக்கமெல்லாம் கையைத் திருப்பிக்கொண்டு தனியாக நிற்கிறது. கீழே சைட் ஆபீஸில் நான். ஆபீஸ் என்றால் பெரிதாக நினைக்காதே. இரும்புப் பெட்டியை வெட்டி ஒரு ஜன்னல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கூரை தடதடவென்று அடித்துக்கொள்கிறது. கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம் என்று எடுத்துக்கொள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கதாநாயகனின் மனைவி, வலை பின்னுகிறவள், அவள் வருகிற பக்கம் எல்லாம் நிஜம். அவன் "கடலுக்குப் போறேன்" என்கிறபோது அவள் ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் "சோறு மூடி வைக்கவா, வேணாமா?" என்று கேட்கிறாளே, அந்த இடத்தில் நான் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தேன். இதற்கு மேல் பாராட்டு எனக்கு வராது.

இனி கெட்டது. உன் கதாநாயகன் படகுக்காரன் மகன். முப்பத்தோராம் பக்கத்தில் அவன் காதில் காற்றின் பேச்சு முதல் தடவையாக விழுகிறது. நாற்பத்தெட்டாம் பக்கத்தில் புயலையே கட்டி நிறுத்துகிறான். பதினேழு பக்கம். அதில் இரண்டு பக்கம் நிலவு. ஒன்றரைப் பக்கம் அவன் தோளைப் பற்றி. மிச்சத்தில் மந்திரம் கற்கிறான், தியானம் செய்கிறான், கண்ணை மூடுகிறான், காற்று அடங்குகிறது. ஒரு தடவைகூடத் தப்பாகச் செய்யவில்லை. யாருடைய கூரையும் பறக்கவில்லை. கேட்டால், "பிறவியிலேயே அது அவனுக்குள் இருந்தது" என்று ஒரு வரி. இது விடை இல்லை, நழுவல். பரீட்சைத் தாளில் இப்படி எழுதினால் எங்கள் பாலிடெக்னிக்கில் முட்டைதான்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "ஜெயிக்கிறானான்னுதான் படிக்கிறவங்க பாப்பாங்க, எத்தனை தடவை விழுந்தான்னு எண்ணிக்கிட்டா இருப்பாங்க?" என்று முன்பே சொல்லியிருக்கிறாய். என் சண்டை நாள் கணக்கோடு இல்லை. மூன்றே ராத்திரியில் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் அவன் கை எதைத் தப்பாகச் செய்யப் பார்த்தது, அதை எப்படி விட்டான், அதற்குள் யாருக்கு அடிபட்டது, இது எனக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அவன் கற்கவில்லை, நீ கொடுத்தாய்.

எங்கள் வேலையிலிருந்தே சொல்கிறேன். சுமை ஊஞ்சல் மாதிரி ஆட ஆரம்பித்தால் கை உடனே அதைப் பின்னால் இழுக்கத்தான் பார்க்கும். இழுத்தால் ஆட்டம் கூடும். நாமும் அதன் பின்னாலேயே போக வேண்டும். ஆட்டத்தின் நுனியில் சுமை ஒரு கணம் தயங்கும். அந்தக் கணத்தில் கிரேனின் கை அதன் தலைக்கு நேர் மேலே வந்து நிற்க வேண்டும். நின்றால் சுமை சாதுவாகிவிடும். புத்தகத்தில் நாலு வரி. பன்னிரண்டு நாள் பயிற்சியில், திரைக்கு முன்னால் உட்கார்ந்து, பொம்மைக் கிரேனில் இதை நான் பிசகாமல் செய்தேன். சான்றிதழில் நல்ல மதிப்பெண். நிஜ கிரேனில் கை இன்னும் பின்னால்தான் இழுக்கிறது.

குழாய் ஒழுகுகிறது என்றாயே, வாஷர் தேய்ந்திருக்கும். மோட்டாரை நிறுத்தி, மேலே வால்வை மூடிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். நீயே கழற்றாதே. கீழ் வீட்டுக்காரரும் நானே பார்க்கிறேன் என்று வருவார், அவரையும் விடாதே. அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி சரியாக இருக்கிறதா? மூக்கில் அழுத்துகிறது என்று உன்னிடம் சொல்லியிருப்பாள், என்னிடம் சொல்லமாட்டாள். என் அறையில் டைல்ஸ் ஒட்டுகிறவரும் நானும் மட்டும்தான். அவர் விடுகிற குறட்டையில் கான்கிரீட்டே இறுகிவிடும்.

திரும்பவும் நாற்பத்தெட்டாம் பக்கம். "கண்ணை மூடினான், காற்று அவன் கைக்குள் வந்து உட்கார்ந்தது" என்று எழுதியிருக்கிறாய். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று யோசித்தேன். என் வார்த்தைதான். திங்கள் ராத்திரி போனில் "காத்து நம்ம கையில வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு" என்று நான் பீற்றியது. "சூப்பர், இதை அப்படியே என் ஆளுக்குக் கொடுத்துடுறேன்" என்று சிரித்தாய். முதல் அத்தியாயங்களையும் புரட்டிப் பார்த்தேன். பயிற்சியில் வாத்தியார் என்னைத் தட்டிக்கொடுத்தது, முதல் நாளே தனியாக ஓட்டியது, எல்லாம் இருக்கிறது. "உங்களுக்குப் பன்னெண்டு நாள் ஆச்சு, அவனுக்குப் பதினேழு பக்கம் ஆகக் கூடாதா?" என்று நாவலை அனுப்பும்போதே நீ கேட்டதன் அர்த்தம் இப்போதுதான் புரிகிறது. உன் கதாநாயகன் நான்தான். தோள் மட்டும் வேறு யாருடையதோ.

அதனால் திங்கட்கிழமை நிஜமாக என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

கம்பிக்கட்டு ஒன்றை மூன்றாம் மாடித் தளத்தில் இறக்க வேண்டும். கீழே சிக்னல் காட்டுகிறவன், கழுத்து நீளமாக இருப்பதால் எல்லோருக்கும் அவன் கொக்கு, தளத்தில் நின்று கையசைத்தான். கிரேனைத் திருப்பியபோது வேகம் கூடிவிட்டது. நிறுத்தினேன். கிரேன் நின்றது, கம்பிக்கட்டு நிற்கவில்லை. கொக்கு இருந்த பக்கம் போனது. என் கை என்ன செய்தது தெரியுமா? பின்னால் இழுத்தது. கட்டு திரும்பி வந்து, முன்னைவிடப் பெரிய ஆட்டமாக மறுபடி அவனை நோக்கிப் போனது. நான் லீவரிலிருந்து கையையே எடுத்துவிட்டேன். யோசித்து எடுக்கவில்லை, பயந்து எடுத்தேன். அந்த நேரம் பின்னாலிருந்து ஒரு காற்று வீசி, கிரேனின் கையைச் சுமைக்கு நேர் மேலே தள்ளிவிட்டது. கட்டு அப்படியே நின்றது, கொக்கின் மூக்குக்கு ஒரு முழம் முன்னால். இறக்க வேண்டிய இடத்துக்கு நேர் மேலே. நான் செய்தது மெதுவாக இறக்கியது மட்டும்.

காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் கீழே இருந்தவர்கள் காக்காய்க்குக் கை தட்டினார்கள். இன்ஜினியர் வாக்கி டாக்கியில், "என்னப்பா, பொறக்கும்போதே கிரேன்லதான் பொறந்தியா?" என்றார். கொக்கு டீ குடிக்கும் இடத்தில், "நான் குனியவே இல்லையே! நம்ம ஆளு நிறுத்துவான்னு தெரியும். முழம் போட்டு நிறுத்துனான் பாத்தீங்களா?" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னான். நான் சிரித்தேன். கைதட்டல் கேட்டால் வாய் தானாகச் சிரிக்கிறது, மாத்திரை. மறுக்கலாம் என்று நினைப்பதற்குள் டீ ஆறிவிட்டது. ராத்திரி உன்னிடம் பேசியபோது அது சாதனையாகவே ஆகிவிட்டது.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு எழுதியிருக்கமாட்டேன். எனக்கு முன்னால் ஓட்டிய அண்ணன் கண்ணில் புரை எடுக்கப் போயிருக்கிறார், வர ஒரு மாதம் ஆகும். மொட்டை மாடிக்கு ஏழு டன் ஏசி இயந்திரம் ஏற்ற வேண்டும். அவர் வந்த பிறகு ஏற்றலாம் என்றுதான் இருந்தார்கள். இப்போது இன்ஜினியர், "நம்மகிட்டதான் ஆள் இருக்கே" என்று வருகிற திங்களுக்கு நாள் குறித்துவிட்டார். இறக்குகிற இடம் லிஃப்ட் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம். என் கூண்டிலிருந்து தெரியாது. வாக்கி டாக்கியில் கொக்கு சொல்லச் சொல்ல, காதால் ஓட்ட வேண்டும். சுவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் நிற்கப்போகிறவன் அவன்தான்.

அந்தக் கொக்கு இன்று காலை, காற்று ஏறுவதற்கு முன், நான் செங்கல் தட்டை இறக்கும்போது என்ன செய்தான் தெரியுமா? சுமைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். முன்பெல்லாம் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்ப்பான், நாலு அடி தள்ளி நிற்பான், என்னைக் கெட்ட வார்த்தையில்கூடத் திட்டுவான். இன்று யாரிடமோ பேசிக்கொண்டு, ஒரு கை கயிற்றில், ஒரு கை இடுப்பில். "ஏய், தள்ளி நில்லுடா" என்று வாக்கி டாக்கியில் கத்தினேன். "நீ இருக்கும்போது எனக்கென்ன?" என்றான். அதற்குப் பிறகு எதுவும் சாப்பிட முடியவில்லை.

உன் நாவலில் புயல் நின்றதும் ஊரே கடற்கரைக்கு ஓடிவருகிறது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு. நீ அதைச் சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். எனக்கோ, அடுத்த புயலில் அவர்கள் வீட்டுக்குள் போகமாட்டார்கள், இவனை நம்பி வெளியே நிற்பார்கள் என்றுதான் தோன்றியது.

பதிப்பாளருக்கு மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும் என்றாய். அதற்குள் ஒரே ஒரு மாற்றம் செய். முதல் தடவை அவனுக்குத் தற்செயலாக நடக்கட்டும். எப்படி நடந்தது என்று அவனுக்கே தெரியக் கூடாது. பிறகு ஊர் நடுவில் நின்று, "நான் நிறுத்தலை, எனக்கு இன்னும் தெரியாது" என்று அவன் சொல்கிற ஒரு பக்கம் எழுது. அந்தப் பக்கம் இருந்தால், அதற்கப்புறம் அவன் எவ்வளவு வேகமாகக் கற்றாலும் நான் நம்புவேன். அதை எந்த வார்த்தையில் சொல்வான் என்று எனக்குத் தெரியவில்லை. நேற்றிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன், இங்கிலீஷிலும் தமிழிலும், கண்ணாடி முன்னாலும். ஒவ்வொரு தடவையும் பாதியில் அது பெருந்தன்மை மாதிரி ஆகிவிடுகிறது. "அவன் அடக்கமா பேசுறான்" என்று இன்னும் இரண்டு கைதட்டல் வாங்கிக்கொடுக்கும். வலை பின்னுகிறவளாக இருந்தால் ஒரே வரியில் சொல்லிவிடுவாள்.

காற்று குறைகிற மாதிரி இருக்கிறது. நாற்பத்தாறு. நாலு மணிக்குள் கூப்பிட்டுவிடுவார்கள். முடிக்கிறேன்.

இனி நான் செய்யப்போவது:

1. இதை இப்போதே ஒட்டி, வாசலில் நிற்கும் கூரியர்காரரிடம் கொடுப்பேன். நாளைக்கு உன் கையில் இருக்கும். உனக்குத் தெரிந்துவிட்டால் நான் பின்வாங்க முடியாது.

2. கொக்கிடம் முதலில் சொல்வேன். தனியாக, டீ இல்லாமல். "திங்கக்கிழமை நீ செத்திருப்பே" என்றே சொல்வேன். அவன் திட்டினால் நல்லது. பழையபடி கழுத்தை நீட்டிப் பார்க்க ஆரம்பித்தால் இன்னும் நல்லது.

3. பிறகு இன்ஜினியர். இயந்திரத்தை ஏற்ற வேறு சைட்டிலிருந்து அனுபவமுள்ள ஆபரேட்டர் ஒருவரை வரவழைக்கச் சொல்வேன், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்பேன். இந்த வேலைக்கு நீ லாயக்கில்லை என்று அவர் சொன்னால், பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். அப்போது என்னிடம் ஒரு வாரத்துக்கு எதுவும் கேட்காதே.

4. அவர் ஒத்துக்கொண்டால், தினமும் வேலை முடிந்த பிறகு, கீழே ஆள் யாரும் இல்லாத நேரத்தில், வெறும் மணல் தொட்டியைத் தூக்கி ஆட்டி ஆட்டி நிறுத்திப் பழக அனுமதி கேட்பேன்.

5. ஞாயிறு சாயங்காலம் உனக்குப் போன் செய்வேன். எல்லாம் சொல்லிட்டேன், சரியாயிடுச்சு என்று நான் சொன்னால் உடனே நம்பிவிடாதே. கொக்கு என்ன சொன்னான், எந்த இடத்தில் நின்று சொன்னான், அவன் முகம் எப்படி இருந்தது என்று கேள். எனக்குக் கோபம் வந்தாலும் விடாதே. மறுபடி கேள்.

உன்,
தோள் இல்லாதவன்