ஸ்வெட்டருக்குள் இருந்த பிலிம்

ஏனுங்க,

திருப்பூர்ல வேலை பழகிருச்சுங்களா? இங்க பச்சைத் தேயிலை விலை இன்னும் ஏறலை.

உங்க ஸ்வெட்டரைத் துவைக்க எடுத்தப்ப உள்ளே ஒரு பிலிம் சுருள் இருந்துச்சு. குன்னூர் ஸ்டுடியோக்காரர் உங்க அண்ணனுக்குச் சிநேகிதராச்சேன்னு அங்கே கொடுக்கலைங்க. நீங்க செய்யற மாதிரியே காபித்தூள், சலவைச் சோடா, வைட்டமின் மாத்திரை எல்லாம் கரைச்சு, இருட்டு ரூம்ல நானே கழுவினேன்.

நெகட்டிவ்ல நம்ம தேயிலைச் செடியெல்லாம் பனி விழுந்த மாதிரி வெள்ளையா இருக்கு. நடுவுல உங்க அண்ணன், யாரோ ஒருத்தருக்கு டேப் பிடிச்சு நிலத்தை அளந்து காட்டறார். முகம் கருப்பா விழுந்தாலும் அவர் நிக்கற நிலை எனக்குத் தெரியாதுங்களா?

"நம்ம தோட்டத்தை விக்கவே மாட்டேன்"னு பஸ் ஏறும்போது சொன்னீங்க. அந்தப் போட்டோவை எடுத்தது யாருன்னு நான் கேக்கலைங்க.

தோட்டத்து கேட்டுக்குப் புதுப் பூட்டு போட்டுட்டேன். சாவி என்கிட்ட இருக்கு.

உங்க ஊட்டுக்காரி