பட்டங்கட்டி வீட்டுக் கோயில்

மணவாளத்துறை
21.11.2004

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி இன்பமணி எழுதுவது. நான் சுகம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை.

பங்குக் கோயில் கூரையைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். கிறிஸ்மஸ் பூசையை நம் வீட்டுக் கோயிலில் வைக்கலாமா என்று சாமியார் கேட்கிறார். அப்பாவுக்குப் பிறகு அது உங்கள் பொறுப்பு. சரி என்று ஒரு வரி எழுதுங்கள்.

அன்புத் தங்கை,
இன்பமணி

அல் கோபார்
5.12.2004

அன்புத் தங்கச்சிக்கு,

முதுகு பரவாயில்லை. நம் ஊர் ஜெனோ இப்போது என் ரூமில்தான் இருக்கிறான். வெள்ளிக்கிழமை ஜன்னலை அடைத்துவிட்டு, இரண்டு பேரும் வாய்க்குள்ளேயே ஜெபமாலை சொல்கிறோம். இந்த அரபு நாட்டில் கோயிலுக்கு அனுமதி ஏது?

நீ கேட்டது நடக்காது. போர்த்துக்கீசியர் நம் குடும்பத்துக்குப் பட்டங்கட்டி என்று பட்டம் கொடுத்த காலத்தில் நம் முன்னோர் முத்து விற்றுக் கட்டியது அது. பீடக்கல் கோவாவிலிருந்து கப்பலில் வந்தது. நம் ரத்தம் மட்டும்தான் உள்ளே முழந்தாளிடலாம், நம் ரத்தத்தை மட்டும்தான் அங்கே அடக்கம் செய்யலாம். ஊரே காலராவில் செத்தபோதும் தாத்தா கதவைத் திறக்கவில்லை என்று அப்பா நெஞ்சை நிமிர்த்திச் சொல்வாரே, அதை நான் திறக்கவா?

அண்ணன்,
யேசுதாசன்

மணவாளத்துறை
9.1.2005

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் உயிரோடு இருப்பதைப் போனில் சொன்னேன். மற்றதைச் சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயிறு காலை கடல் உள்ளே வந்தது. ஊர்க் கல்லறைத் தோட்டம் முழுக்கத் தண்ணீர். நம் கோயில் மேட்டில் இருப்பதால் தப்பியது. ஊர்க்காரர்கள் செத்த பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றார்கள். யாரும் படியில் கால் வைக்கவில்லை. நின்றார்கள், அவ்வளவுதான். நான் கதவைத் திறந்தேன்.

பீடத்தின் முன்னால் வரிசையாகக் கிடத்தினோம். பிறகு அப்பா, தாத்தா கல்லறைகளுக்குப் பக்கத்திலேயே குழி வெட்டினோம். உங்களிடம் கேட்க நேரமில்லை அண்ணே.

இன்பமணி

அல் கோபார்
25.1.2005

இன்பமணிக்கு,

செத்தவர்களுக்காக நானும் அழுதேன். அதற்காக நானூறு வருசத்து வழக்கத்தை ஒரே நாளில் அழித்துவிடுவாயா? தண்ணீர் வடிந்திருக்குமே. சாமியாரிடம் பேசி எல்லாரையும் ஊர்க் கல்லறைக்கு மாற்று. நான் சொல்வதைச் செய்.

யேசுதாசன்

மணவாளத்துறை
10.2.2005

அன்புள்ள அண்ணனுக்கு,

மாற்றுகிறேன். அதற்கு முன் நீங்கள் ஒன்று செய்ய வேண்டும்.

ஜெனோவின் பெண்டாட்டி ஷாஜினியும் அவள் கைக்குழந்தையும் அப்பாவின் காலடியில்தான் கிடக்கிறார்கள். பிள்ளையை அவள் பிடித்திருந்த பிடியை எங்களால் விடுவிக்க முடியவில்லை. அப்படியே சேர்த்து அடக்கினோம். செத்த சேதி மட்டும்தான் ஜெனோவுக்கு வந்திருக்கிறது; எங்கே அடக்கியது என்று இன்னும் தெரியாதாம்.

நீங்களே அவனிடம் சொல்லுங்கள். அவர்களைத் தோண்டி எடுக்கச் சொல்லியிருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு எழுதுங்கள். ஆள் வைத்துத் தோண்டுகிறேன்.

இன்பமணி

அல் கோபார்
4.3.2005

அன்புத் தங்கச்சிக்கு,

விசா கொடுத்த முதலாளி, கஃபீல், பாஸ்போர்ட்டைக் கொடுக்காததால் ஜெனோவால் ஊருக்கு வர முடியவில்லை. டியூட்டி முடிந்து வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். போன வெள்ளிக்கிழமை அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எங்கே அடக்கியிருக்கிறது என்று சொன்னேன்.

எழுந்து உட்கார்ந்தான். "பட்டங்கட்டி கோயிலுக்குள்ளயா அண்ணே?" என்று கேட்டான். "ஆமா" என்றேன்.

"எங்கப்பன் மதிலுக்கு வெளியில நின்னுதான் உங்க கோயில் மணியைக் கேட்டிருக்கான். எனக்க பிள்ளைக்கு உள்ள எடம் குடுத்திட்டீங்களே" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

நீ சொல்லச் சொன்ன மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை. அவன் அழுது ஓயும் வரை அப்படியே இருந்தேன்.

யாரையும் தோண்ட வேண்டாம்.

யேசுதாசன்