இறால் சட்டியை மூடிய அக்கா

செவ்வாய் இரவு.

மட்டக்களப்பில் எனக்கு எச்.ஐ.வி மருந்து தரும் டொக்டர், இரத்தத்தில் வழமைக்கு மாறான ஒரு புரதம் தெரிகிறது என்றார். எச்.ஐ.வி உள்ளவர்களிடம் இது கொஞ்சம் கூடுதலாம். இப்போது புற்றுநோய் இல்லை. பின்னாளில் இரத்தப் புற்றுநோயாக மாறலாம் என்பதால் விடாமல் சோதிக்க வேண்டுமாம். சாப்பாட்டால் வருவதல்லவாம்.

அக்காவுக்கு எச்.ஐ.வி பற்றித் தெரியாது; இரத்த அழுத்தத்துக்கு பிறஷர் கிளினிக் போவதாகத்தான் சொல்லி வைத்திருக்கிறேன். கிரானில் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது புரதத்தை மட்டும் சொன்னேன். உடனே இறால் சட்டியை மூடினாள்.

"இது சாப்பாட்டால வாறதில்லையாம் அக்கா."

"எந்த டொக்டர் சொன்ன? அடுத்த கிளினிக்குக்கு நானும் வாறன், கேப்பம்."

தட்டில் பருப்பு இருந்தது.

"நீங்க வர வேணாம் அக்கா," என்றேன். "பருப்பையும் எடுத்திடுங்க."