மோட்டார் நின்ற பிறகு

இல்லை, பாட்டு வராது. இதில் இவ்வளவுதான் வரும். ஸ, ப, மறுபடி ஸ. நாள் முழுக்க அதேதான்.

கடைக்காரரிடம் இதை இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது, அம்மா. கடலூர் முதுநகரில் ரேடியோ ரிப்பேர் செய்கிறவர். சுருதிப் பெட்டி கரகரக்கிறது என்று எடுத்துப்போயிருந்தேன்; பாட்டரியில் ஓடும் மின்னணுப் பெட்டி. ஸ்டேஷன் பிடிக்காத ரேடியோ என்று நினைத்துவிட்டார். பின்பக்கத் திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தும்மினார். ஐந்தாறு தும்மல்.

"என்னம்மா, பொட்டிக்குள்ளயே மொளகா அரைச்சீங்களா?"

ஸ்பீக்கர் வலை முழுக்கச் சிவப்பு. ஓரங்களில் கேழ்வரகு மாவு. நீ போய் ஒரு வருடம் ஆகிறது. தூரிகையால் தட்டித் தட்டிச் சுத்தம் செய்தார். ஒரு காகிதத்தில் சேர்ந்ததை மடித்துக் குப்பையில் போடப்போனார். வேண்டாம், கொடுங்கள் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அப்பா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே நீ மாவு மில்லின் ஷட்டரைத் தூக்கினாய். வீட்டின் முன்பாதி மில். பின்பாதியில் நாம். நடுவில் ஒரு சுவர், அதுவும் அதிரும். நம் வீட்டில் ரகசியம் என்று ஒன்று இருந்ததில்லை. கத்தித்தான் சாப்பிடக் கூப்பிடுவாய். கத்தித்தான் கொஞ்சுவாய்.

2006இல் வாய்ப்பாட்டு படிக்கச் சிதம்பரம் போனேன். முதல் மாதமே விடுதிக்கு வந்தாய். வாசலில் நின்றுகொண்டு மில்லில் பேசுகிற அதே குரலில் கேட்டாய்:

"எண்ண வச்சிக் குளிச்சியாடி? தலையில பேன் இருக்குதா?"

மாடி வராந்தாவில் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"மெல்லப் பேசும்மா."

"மெல்லத்தாண்டி பேசுறேன்."

என் அறையில் இருந்த ஸ்டெல்லா, பக்கத்துக் கிள்ளை ஊர்க்காரி, அன்று முழுக்கச் சிரித்தாள். "உங்கம்மா வந்தா மைக் செட்டு தேவையில்லடி." நானும் சிரித்தேன். உள்ளுக்குள் கூசியது. அதை உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அந்த வருடம் விடுமுறைக்கு வந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். மில் இல்லை. சுருதியைப் போட்டுவிட்டு நீலாம்பரி பாடிக்கொண்டிருந்தேன். தாலாட்டுக்கு உரிய ராகம், மனதை அடக்கித் தூங்கவைக்கும் என்று வகுப்பில் கேட்டிருந்தேன். நீ மூட்டைகளுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தாய். தூங்கிப்போனாய். தூக்கமே இல்லாதவள் என்று தெருவே உன்னைச் சொல்லும். நீ வாய் திறந்து தூங்குவதை அன்றுதான் பார்த்தேன். தாடை தளர்ந்து, நெற்றிக் கோடு அழிந்து, வேறு யாரோ போல இருந்தாய்.

எனக்குப் பத்தொன்பது வயது. என் குரல் உன்னைத் தூங்கவைத்தது என்று நம்பினேன். வேறு எதை நம்புவேன்?

திரும்பிப் போய்க் கருத்தரங்குக்கு ஒரு கட்டுரை எழுதினேன். 'இசையும் மன அமைதியும்'. அதில் நீ 'மாவு மில் நடத்தும் ஒரு பெண்மணி'. பத்து வருடமாகத் தூக்கம் இல்லாதவர், இருபது நிமிட ஆலாபனையில் உறங்கினார். அந்த முகத்தை ஒரு பத்தி முழுக்க வர்ணித்திருந்தேன். கைதட்டினார்கள். துறையின் ஆண்டு மலரில் அச்சாகி வந்தது.

எழுதாதவை சில உண்டு. நடுவில் தண்ணீர் குடிக்க நிறுத்தினேன். நீ எழுந்திருக்கவில்லை. பாடி முடித்துச் சுருதியை அணைத்தேன். உடனே கண்ணைத் திறந்தாய்.

இன்னொன்று. பெட்டியின் சுருதிக் குமிழை நான் பாடுகிற ஐந்தரைக் கட்டையில் வைத்துவிட்டுப் போவேன். வந்து பார்த்தால் கிட்டத்தட்டக் கடைசிவரை மேலே ஏறியிருக்கும். யார் திருகியது என்று கேட்டேன்.

"நான்தான். அங்க வச்சாத்தான் அடங்குது."

எது அடங்குகிறது என்று நான் கேட்கவில்லை. குழந்தை பொம்மையைத் திருகுவது போல என்று நினைத்துக்கொண்டேன்.

2008இல் மின்வெட்டு வந்தது. தினமும் மில் நின்றது. கரண்ட் போனால் உனக்கு ஓய்வு என்று சந்தோஷப்பட்டேன். அந்த நேரத்தில் கேட்பதற்காக ஒரு சீடி தயாரித்தேன். வீணை, புல்லாங்குழல், கடைசியில் என் நீலாம்பரி. பாட்டரியில் ஓடும் பிளேயர் ஒன்றும் ஸ்டெல்லாவின் அண்ணனிடமிருந்து வாங்கிவந்தேன். எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டால், "நல்லாருக்குது, நல்லாருக்குது" என்பாய். இரண்டு முறை.

அடுத்த முறை ஊருக்கு வந்து திரும்பும்போது என்னை பஸ் ஏற்றிவிட வந்தாய். சிதம்பரம் பஸ் புறப்பட இன்னும் நேரம் இருந்தது.

"அந்தப் பொட்டிய உட்டுட்டுப் போறியா?"

"பிராக்டிகல் வருதும்மா. சுருதி இல்லாம எப்பிடிப் பாடுறது? சீடி இருக்குல்ல, அதப் போட்டுக் கேளு."

"பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்குது. நீ பாடக்கூட வேணாம். அது மட்டும் கத்திக்கினு இருந்தா எனக்குப் போதும்."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. மூன்று வருடப் படிப்பு. என் குரல். அதைவிட ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் முனகல் போதுமாம்.

"ஒனக்குச் சங்கீதமும் தெரியாது, ஒண்ணும் தெரியாது."

முதல் முறையாக நீ குரலைத் தாழ்த்திப் பேசினாய். "தெரியாதுதாண்டி" என்றாய். பிறகு பெட்டி இருந்த பையை நீயே தூக்கி, பஸ்ஸுக்குள் ஏறி, மேல் கம்பியில் விழாதபடி செருகிவைத்துவிட்டு இறங்கினாய். ஜன்னலில் என்னைப் பார்க்காமல் கண்டக்டரிடம், "கீழ விழாம பாத்துக்கப்பா, பாப்பா பாடுற மெஷினு" என்று கத்தினாய்.

இரண்டு மாதம் கழித்து வந்தேன். மதியம். மில் பூட்டியிருந்தது. கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டு பாத்திமா அக்கா வெளியே வந்தாள்.

"ஒங்கம்மா ஐஸ் கம்பெனிக்குப் போயிருப்பாங்க. கரண்டு போனா அங்கதான். நம்ம வூட்ல வந்து உக்காருங்கம்மான்னாலும் வரமாட்டேங்குறாங்க."

"அங்க என்ன வேல?"

"ஒரு வேலையும் இல்ல. ஜெனரேட்டர் பக்கத்துல போயி உக்காந்துக்குறாங்க. என்னாமோ, எனக்குப் பயமா இருக்குது, நீ கேளு."

நடந்தேன். ஐஸ் கம்பெனியின் பின்சுவரை ஒட்டி ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தரை அதிர்ந்தது. நீ ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, சுவரில் தலை சாய்த்து, கண்ணை மூடியிருந்தாய். தாடை தளர்ந்திருந்தது. நெற்றியில் கோடு இல்லை.

கட்டுரையில் நான் ஒரு பத்தி முழுக்க எழுதிய அதே முகம். நீலாம்பரி இல்லை. டீசல் புகை.

கரண்ட் வந்தது. ஜெனரேட்டர் நின்றது. நீ கண்ணைத் திறந்து, முதலில் இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்தினாய். பிறகுதான் என்னைப் பார்த்தாய். பிடிபட்டவள் போலச் சிரித்தாய்.

மறுநாள் காது டாக்டர். அவர் கேட்டதற்கெல்லாம் நீ சாதாரணமாகப் பதில் சொன்னாய்.

"காதுல சத்தம் இருக்குதாம்மா?"

"இருக்குதுங்க. குய்யின்னு. சில்வண்டு மாதிரி."

"எப்பலேருந்து?"

"மில்லு எடுத்ததுலேருந்து. பன்னெண்டு வருசம். மோட்டாரு ஓடுனா தெரியாதுங்க. நிறுத்துனாத்தான் ஜாஸ்தி."

"அப்ப எப்பிடித் தூங்குவீங்க?"

நீ என்னைக் காட்டினாய். பெருமையாக. "எம்பொண்ணு கிட்ட ஒரு பொட்டி இருக்குது சார். அது இருந்தா தூங்கிருவேன்."

குற்றம் சொல்கிற தொனி இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். போன காது திரும்பாது என்றார் டாக்டர். மெல்லிய குரல்களும் உச்ச ஸ்தாயி ஒலிகளும் உனக்கு எட்டுவதே குறைவு என்றார். புல்லாங்குழல் உனக்குச் சரியாகக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. 'நல்லாருக்குது' என்று இரண்டு முறை சொன்னாய்.

ஏன் சொல்லவில்லை என்று வழியில் கேட்டேன். "சொன்னா மில்ல மூடுன்னு சொல்லுவ. மூடுனா நீ எப்பிடிப் படிப்ப?" அவ்வளவுதான். அதற்குள் ஷேர் ஆட்டோ வந்துவிட்டது.

அடுத்த நாளே சிதம்பரம் போய்ப் பெட்டியை எடுத்துவந்து உன் தலைமாட்டில் வைத்தேன். பரீட்சைக்கு ஸ்டெல்லாவின் பெட்டி. குமிழை உன்னிடமே விட்டேன். நீ மெல்லத் திருகி, நிறுத்தி, காதைச் சாய்த்துக் கேட்டு, இன்னும் ஒரு மயிரிழை ஏற்றி, அங்கே விட்டாய். மூன்றாம் ஆண்டு மாணவி நான். அவ்வளவு கவனமாக ஒருவர் சுருதி சேர்த்து அதுவரை பார்த்ததில்லை.

மூன்று வருடம் அது மில்லில் உன்னோடு இருந்தது. போன வருடம் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் கொண்டுபோனேன். பக்கத்துப் படுக்கைக்காரர் ஏதாவது நல்ல பாட்டாகப் போடச் சொன்னார். போடவில்லை. நானும் பாடவில்லை. மூன்றாம் நாள் காலையில் நீ போனபோது அது ஒலித்துக்கொண்டிருந்தது.

கட்டுரையை நான் இன்னும் திருத்தவில்லை. துறை நூலகத்தில் இருக்கும். இப்போது கடலூரில் பாட்டு சொல்லித்தருகிறேன். டென்ஷன் குறைய எந்த ராகம், தூக்கத்துக்கு எது என்று பெரியவர்கள் வந்து கேட்கிறார்கள். ராகத்தின் பெயர் வாய் வரை வருகிறது. சொல்வதில்லை. சத்தமே இல்லாத இடத்தில் உங்களுக்கு என்ன கேட்கிறது என்று முதலில் கேட்கிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது. ஒரு பெண் அழுதாள்.

மில்லை இப்போது மல்லிகா நடத்துகிறாள். கம்மாபுரத்திலிருந்து வந்தவள், இரண்டு பிள்ளைகள். நேற்று வாடகை ரசீதில் கையெழுத்து வாங்கப் போனபோது மின்வெட்டு. மோட்டார் நின்றது. "உக்காருங்கக்கா!" என்று இரண்டடி தூரத்திலிருந்து கத்தினாள்.

"இப்ப ஒனக்கு என்ன கேக்குது மல்லிகா?"

"என்னா கேக்குது? கரண்டு இல்ல, ஒண்ணும் கேக்கல." சிரித்தாள். சல்லடையைத் தட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து வலது காதில் சுண்டுவிரலை விட்டு ஆட்டினாள். "இதுல மட்டும் லேசா. அதெல்லாம் காலையில சரியாப் பூடும்க்கா."

மருந்துக்கடைக்குப் போய் காதடைப்பான் நான்கு ஜோடி வாங்கிவந்தேன். எப்படி உருட்டிச் செருகுவது என்று அவளுக்குச் செய்துகாட்டினேன். செவ்வாய்க்கிழமை காது டாக்டரிடம் அழைத்துப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.