முளைக்காத போத்தல்

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

இன்று காலை முதலில் கண்ணில் பட்டது போத்தலுக்குள் இருந்த பச்சைதான். ஒரு பொட்டுக்கூட இல்லாமல் வழுவழுவென்று இருந்தது.

பயப்படாதீர்கள், எனக்கு இப்போது நல்ல சுகம். இடையில் இருமல் விடாமல் இருந்தது. இந்த ஆய்வுகூடத்தில் முட்டையைப் பச்சைச் சாயத்தோடு அடித்து, போத்தலில் சரித்து வைத்து அவிப்போம் என்று எழுதினேனே, காசநோய்க் கிருமி அதில்தான் வளரும். அப்படி ஒரு போத்தலில் என் சளியையும் விதைத்தார்கள். கிருமி இருந்தால், வெட்டும்போது உதிரும் பாண் தூள் போலப் பொட்டுப் பொட்டாக முளைக்கும். இரண்டு மாதம் காத்திருந்தோம்.

என்னோடு இங்கே வேலை செய்யும் ஏறாவூர் ஷாகிரா மிஸ்தான் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “ஒண்டுமே முளைக்கல்ல புள்ள! ஒங்கட அப்பாட வயல் வட்டையில இப்பிடி நடந்தா தலையில கைய வெப்பாரு. இஞ்ச நாம சிரிக்கணும்” என்றார்.

கொழும்பில் நம் ஊர்ப் பேச்சுப் பேச அவர் மட்டும்தான். அப்பாவின் முழங்கால் நோவு குறைந்ததா? நம் பழுகாமத்திலிருந்து யாரும் இங்கே வந்தால் கொஞ்சம் றால் கருவாடு கொடுத்துவிடுங்கள். அம்மாவின் பழைய சீலைத் துண்டில் சுற்றினால் போதும், பை வேண்டாம்.

மிஸ் கூப்பிடுகிறார், முடிக்கிறேன். காலையில் அவர் சிரிக்கச் சொன்னதும் நான் அடுத்த போத்தல்களுக்கான முட்டைத் தட்டைத் தூக்கிக்கொண்டு கழுவப் போய்விட்டேன்.

உங்கள் மகள்
தர்மிகா