புரட்டும் நேரம்

மார்ச் 3, ஞாயிறு

இன்று காலை மேசையில் இருந்தவர்கள்: மாமா (என் கணவரின் அப்பா), அவர், எங்கள் மகள், கொழுந்தன், கொழுந்தனின் மனைவி சின்னவள், அவர்களுடைய மூன்று வயதுப் பையன் அணில். அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே நான். ஏழு பேர். சின்னவளுக்கு ஐந்தாம் மாதம். "அப்போ நாம ஏழரைம்மா" என்றாள் மகள். காலையிலேயே அந்த எண்ணைச் சொல்லாதே என்று அதட்டினேன். சொன்ன வாய் முகூர்த்தம்.

மைதா அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, முட்டை ஆறு, வெண்ணெய் பாதிக் கட்டி, பால் வழக்கம்போல.

வாஃபிள் அச்சு சின்னவளுடையது. பழைய சாமான் கடையில் பிடித்தாள். மின்சாரம் கிடையாது, விளக்கு எரிந்து "ஆச்சு" என்று சொல்லாது. கட்டம் கட்டமான இரண்டு இரும்புத் தட்டுகள், ஒரு கீல், நீளக் கைப்பிடி. மாவை ஊற்றி மூடி அடுப்பில் வைத்து, ஒரு பக்கம் வெந்ததும் அப்படியே புரட்ட வேண்டும். எனக்கு இதை யாரும் கற்றுத் தரவில்லை. எழுதப் படிக்கவும் அப்படித்தான், மளிகைப் பொட்டலத்துக் காகிதத்தில் படித்தது. ஆனால் எப்போது புரட்டுவது என்பதைக் கண்டுபிடித்தவள் சின்னவள்தான். கடிகாரம் கூடத்தில் இருக்கிறது, என் கண்ணாடி எங்கே இருக்கிறது என்பது கடவுளுக்கே வெளிச்சம். அடுப்படியில் நின்றபடி நான் முணுமுணுக்கும் பிரார்த்தனையை அவள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். மாமாவின் முழங்கால், என் கணவரின் ரத்த அழுத்தம், மகளின் பரீட்சை, கொழுந்தன் ரிப்பேர் பார்க்கும் லிஃப்டுகளின் கம்பி, அணிலின் இருமல், கடைசியில் சின்னவளின் வயிறு. போன வருஷம் ஒன்று தங்கவில்லை, அதனால் அந்தப் பகுதி நீளம். "எல்லாரையும் காப்பாத்து" என்று முடிப்பேன். ஒரு நாள் சொன்னாள்: "அக்கா, நீங்க காப்பாத்துன்னதும் புரட்டிடுங்க. கச்சிதமா இருக்கும்." அன்றிலிருந்து ஒரு பக்கத்துக்கு ஒரு பிரார்த்தனை.

இன்று பாதி வாஃபிள் ஆனபோது கொழுந்தன் ஆரம்பித்தார். "அண்ணி, ஆபீஸ் பக்கத்துலயே ஒரு வீடு பார்த்துட்டோம். லிஃப்ட்ல யாராவது மாட்டிக்கிட்டா இங்கேருந்து போய்ச் சேர முடியல. அட்வான்ஸ் குடுத்தாச்சு."

என் கணவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. மாமாவுக்கும் தெரிந்திருக்கிறது. சின்னவள் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் அது செய்தி.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "இத்தனை வருஷம் யாருக்கு எவ்வளவு ஆச்சுன்னு என் நோட்டுல இருக்கு. போறப்ப பார்த்துட்டுப் போங்க" என்றேன்.

சின்னவள் அப்போதுதான் நிமிர்ந்தாள். "கணக்கு பார்த்துப் போட்டா அது சாப்பாடு இல்லக்கா. ஹோட்டல்."

அதற்குப் பிறகு அணில் ஒருவன்தான் இன்னொன்று கேட்டான்.

மார்ச் 9, சனி

போய்விட்டார்கள். கட்டில், பீரோ, அணிலின் மூன்று சக்கர வண்டி எல்லாம் போயிற்று. அச்சு மட்டும் அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. மறந்தாளா? வேண்டாம் என்று விட்டாளா? நான் கேட்க மாட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

இன்று முதல் பிரார்த்தனையில் மூன்று பேர்தான். மாமா, அவர், மகள். கோபம் ஒன்றும் இல்லை. தனிக்குடித்தனம் போனவர்களுக்கு அங்கே கடவுள் இல்லையா என்ன? அவர்களே சொல்லிக்கொள்ளட்டும்.

முட்டை மூன்று. வாஃபிள் வெளுத்துக் கிடந்தது. அச்சைத் திறந்தால் நடுவில் பிளந்து மேல் தட்டில் பாதி, கீழ்த் தட்டில் பாதி. மைதா பழசு. கடைக்காரனிடம் சொன்னேன், நேற்று வந்த மூட்டை என்று சாதிக்கிறான்.

மார்ச் 17, ஞாயிறு

வேறு கடை மைதா. வெண்ணெய் கூடுதல். தீயைப் பெரிதாக்கினேன். அதே வெளுப்பு. முள்கரண்டியால் தட்டின் பள்ளங்களைச் சுரண்டிச் சுரண்டி விரல் வலிக்கிறது.

மகள்: "அம்மா, வாஃபிளுக்கு ரத்தசோகை."

மாமா மட்டும் முழுசும் சாப்பிட்டார். "பல்லு இல்லாதவனுக்கு இதுதாம்மா வசதி."

மார்ச் 20, புதன்

பேக்கிங் பவுடர் புது டப்பா. பழையதே முக்கால் இருக்கிறது. வீண் செலவு, தெரிந்தே செய்தேன்.

மார்ச் 24, ஞாயிறு

அச்சு யாருடையதோ அவள் கைக்குத்தான் அது படியும் போல. சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிடுங்கள் என்றேன் அவரிடம்.

"அச்சு என்ன பண்ணிச்சு? முன்னெல்லாம் நான் ஷேவ் பண்ணி முகம் கழுவிட்டு வந்தாத்தான் முதல் தட்டு வரும். இப்ப ஒரு கன்னத்துல சோப்பு இருக்கும்போதே கூப்பிடறே."

சீக்கிரம் கொடுத்தாலும் குற்றம் என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இடது காதோரம் சோப்பு அப்படியே இருந்தது. சொல்லவில்லை. இருக்கட்டும்.

மார்ச் 29, வெள்ளி

மாமா போனில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். அவருக்குத் தாழ்ந்த குரலே கிடையாது. வைத்ததும் கேட்டேன். சின்னவளுக்கு நேற்று லேசாக ரத்தம் பட்டதாம். குழந்தை நன்றாகத்தான் இருக்கிறதாம், ஆனால் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"ஏன் மாமா என்கிட்ட சொல்லல?"

"நீதான் அவங்க பேரையே எடுக்கறதில்லையேம்மா."

எடுக்கல. வாஸ்தவம்தான். மேசையில எடுக்கல, கடைக்குப் போறப்ப எடுக்கல, அடுப்படியிலயும் எடுக்கல. மாமாவுக்கு அது தெரியாது. போன வருஷம் அவ ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தாளே. அந்த வயிறு. அதைப் போய் விட்டேனே. என்ன பொம்பளை நான்.

என் கணவரிடம் மட்டும் சொன்னேன். நான் விட்டதனாலதானோ?

"கடவுள் என்ன உன் நோட்டா, ஒரு வரி விட்டா கூட்டல் தப்பிப் போறதுக்கு? போய்ப் படு."

படுத்தேன்.

மார்ச் 31, ஞாயிறு

மாவை ஊற்றி மூடியதும் வாய் தானாக ஆரம்பித்தது. மாமா, அவர், மகள், கொழுந்தன், அணில். சின்னவளிடம் வந்ததும் நகர முடியவில்லை. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். கருகிய வாசனை வந்த பிறகுதான் கண்ணைத் திறந்தேன். முதல் வாஃபிள் கரி.

இரண்டாவதில் கொஞ்சம் நிதானம் வந்தது. ஆறு பேரையும் வரிசையாகச் சொன்னேன். "காப்பாத்து" என்றதும் புரட்டினேன். மறுபடியும் ஆறு பேர். திறந்தேன்.

இரண்டு தட்டும் ஒட்டாமல் விட்டன. தேன் நிறம். ஓரம் மொறுமொறு. கட்டம் ஒவ்வொன்றும் கத்தியால் வெட்டியதுபோல.

அவர் முகம் கழுவிக்கொண்டு வந்து நின்றார். "இன்னிக்குத்தான் ரெண்டு கன்னத்துக்கும் நேரம் குடுத்திருக்கே."

கையில் கரண்டியோடு அப்படியே நின்றேன். மைதா இல்லை. முட்டை இல்லை. பேக்கிங் பவுடர் இல்லை. அச்சும் இல்லை. மூன்று வாரமாகப் பாதிப் பிரார்த்தனையில் புரட்டியிருக்கிறேன். கடைக்காரனிடம் எந்த முகத்தோடு போவேன்? ஊரெல்லாம் அவன் மைதாவைக் குறை சொல்லியாயிற்று.

சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். மகள் வந்து அடுப்பை அணைத்தாள்.

மாமா கரியையும் விடவில்லை, சுரண்டிவிட்டுச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "அச்சை அவ மறக்கலம்மா. சாமான் ஏத்தற அன்னிக்குக் கையில எடுத்தா. கொஞ்ச நேரம் நின்னா. திரும்ப ஆணியிலேயே மாட்டிட்டா. நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன்."

"இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா?"

ஏப்ரல் 1, திங்கள்

பேரைச் சொன்னால் ஆயிற்றா? அவள் எப்படி இருக்கிறாள் என்று அவளிடம் கேட்காமல் கடவுளிடம் மட்டும் விசாரித்துக்கொண்டிருந்தால், அது பிரார்த்தனையா, வேவு பார்ப்பதா?

போன் வேண்டாம். என் குரலைக் கேட்டால் அவள் அழுவாள். அவள் இப்போது அழக் கூடாது. நானும் ஒழுங்காகப் பேசி முடிக்க மாட்டேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

முட்டை ஒரு டஜன். மைதா பழைய கடையிலேயே வாங்கினேன். "இப்ப நல்லா இருக்காம்மா?" என்றான். எப்பவும் நல்லாத்தான் இருந்துது, என் கைதான் சரியில்லை என்றேன். அவன் நம்பவில்லை.

மகள் பள்ளி விட்டதும் சித்தி வீட்டுக்குப் போகிறாள். ஒரு சீட்டு எழுதி அவள் பையில் வைத்தேன். எதற்கும் நகல் வைத்துக்கொள்ளும் பழக்கம் விடாது. இது அதன் நகல்:

சின்னவளுக்கு,

அன்று மேசையில் நான் சொன்னது தப்பு. பொய்யும்கூட. நோட்டில் உங்கள் பேரில் தனிக் கணக்கு என்று ஒன்று கிடையவே கிடையாது. எல்லாம் "வீடு" என்று ஒரே தலைப்பில்தான் எழுதியிருக்கிறேன். என்னிடம் கடைசியாகச் சொன்னீர்களே என்று வலித்தது, வாயில் வந்ததைக் கொட்டிவிட்டேன்.

நீ எழுந்து வர வேண்டாம், எழுந்திருக்கவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை அச்சைத் தூக்கிக்கொண்டு நான் வருகிறேன். இவரும் மகளும் வருவார்கள், மாமாவும் முழங்காலோடு வருவார். மாவு, முட்டை, வெண்ணெய் எல்லாம் நான் எடுத்து வருகிறேன். உன் அடுப்பு மட்டும் வேண்டும். நீ படுத்தபடியே காதைக் கொடுத்துக்கொண்டிரு. உன் பகுதி இப்போது இன்னும் நீளமாகிவிட்டது, எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. புரட்ட வேண்டிய நேரத்தில் அங்கேயிருந்து ஒரு குரல் கொடு.

அணிலுக்கு இருமல் எப்படி இருக்கிறது?

நாங்கள் வரலாமா, வேண்டாமா? மகளிடமே பதில் சொல்லி அனுப்பு. சீக்கிரம் சொல்லு.