பார்ட் டூ தெலுங்கு

பீளமேடு,
18-7-1961.

சிரஞ்சீவி ரங்கராஜுக்கு நைனா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் போன வாரம் கன்று ஈன்ற எருமையும் உடம்பளவில் சுகம். உன் சுகத்தை அறியத்தான் வழியில்லை. ஒன்பது வாரமாகத் தபால்கார பாலுசாமி நம் வாசலில் சைக்கிளை நிறுத்துவதே கிடையாது, மணியை மட்டும் அடித்து, "ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டே போய்விடுகிறார்.

வேறு யாராவது உனக்குக் கண் காது வைத்து எழுதுவதற்குள் என் மானக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன். அவிநாசியில் கோவிந்தராஜுலு மாமா மகள் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் குண்டூர்க்காரர்கள், வாழ்த்துப் பத்திரத்தைத் தெலுங்கில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். மகனைக் காலேஜில் தெலுங்கு படிக்கவைக்கும் மனுஷர் என்று என் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். நானும் கண்ணாடியை மாட்டித் தொண்டையைக் கனைத்து நின்றேன். மாப்பிள்ளையின் சித்தப்பா மெதுவாக எழுந்து வந்து தாளைத் தலைகீழாகத் திருப்பி என் கையிலேயே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். பந்தலே சிரித்தது. அதோடு விட்டார்களா, பையன் பரீட்சை என்ன ஆச்சு என்று கேட்டார்கள். ரிசல்ட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று புளுகினேன். உன் அம்மா கூட்டத்துக்கு நடுவில் என்னைப் பார்த்த பார்வையில் வாய்வரைக்கும் கொண்டுபோன பாதுஷாவை இலையிலேயே வைத்துவிட்டேன்.

நாம் பிறந்ததிலிருந்து வீட்டில் பேசுவது தெலுங்கு. ஆனால் அது சோறு, தண்ணீர், மாடு, மருமகள் இவற்றைத் தாண்டிப் போனதே இல்லை. சீட்டு எழுதினால் தமிழில்தான் எழுதுவோம். மூன்று தலைமுறையில் தெலுங்கு எழுத்துத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து போய், தாய்மொழிதானே, தூக்கத்தில்கூட எழுதலாம் என்று நீ பார்ட் டூ பாஷைப் பாடத்துக்குத் தெலுங்கு எடுத்தாய். உன் இஷ்டம் என்று மட்டும்தான் நான் சொன்னேன். பிசிக்ஸில் முதல் வகுப்பு, பார்ட் ஒன் இங்கிலீஷிலும் பாஸ். பார்ட் டூவில் மட்டும் மூன்று தடவை போய்விட்டது. அது வராமல் பட்டம் கிடையாது, பட்டம் வராமல் பெங்களூர் ஆராய்ச்சிக்கூடத்து வேலை கிடையாது. டிசம்பர் வரைக்கும் வைத்திருக்கிறோம் என்று அவர்கள் எழுதியதே பெரிய காரியம். நீயோ கடைசிக் கார்டில், இனி எழுதுவதாக இல்லை, பஸ் கம்பெனியில் கணக்கு எழுதப் போகிறேன், ஊருக்கும் வரமாட்டேன் என்று மூன்று வரியில் முடித்துவிட்டாய். அன்றிலிருந்து உன் அம்மா ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டாள். கேட்டால் வயிறு மந்தம் என்கிறாள்.

கோட்டைமேட்டு அப்துல் குத்தூஸ் பாய், நம் ஜின்னிங் பாக்டரிக்குச் சாக்கு போடுபவர், போன வெள்ளிக்கிழமை வந்திருந்தார். அவர் மகன் கலீல் ரஹ்மான் தமிழ் எடுத்து ஒரே தடவையில் தாண்டிவிட்டான். பாய் என்னைப் பார்த்து, "ஏனுங்க நாயுடு, நாங்க அஞ்சு வேளையும் அரபியில ஓதறோமுங்க. அதுக்குன்னு பையனை அரபியில பரீட்சை எழுதச் சொல்லீட்டமுங்களா?" என்று கேட்டுவிட்டார். ஆபீஸ் முழுக்கச் சிரித்தது, நானும் பெரிய குமாஸ்தா என்ற முறையில் எல்லோருக்கும் முன்னால் சிரித்தேன். பாய் அப்புறம் என்ன நினைத்தாரோ, போகும்போது என் தோளைத் தட்டி, "தம்பிய ஒருக்கா வரச்சொல்லுங்க, பாத்து நாளாச்சு" என்றார். அதற்குத்தான் எனக்குக் கண் கலங்கியது, சிரிப்புக்கு இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஜூன் மாதம் பஞ்சு வேலையாக அந்தியூர் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் ரயிலேறியது மெட்ராஸுக்கு. உன் காலேஜில் ஒரு பெரிய வாத்தியாரைப் பார்த்து, பிசிக்ஸ் பையனுக்குத் தெலுங்குச் செய்யுள் எதற்கு, வெளிச்சம் எந்தப் பாஷையிலுங்க வளையுது என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "வெளிச்சம் பேசாது சார், உங்க பையன் பேசணுமே" என்றார். தொழில் தெரிந்த ஆளைத் தொழிற்சாலையே தயார் பண்ணிக்கொள்ளும், பட்டதாரி என்று சர்வகலாசாலை ஒருவனை அனுப்பினால் அவன் தனக்குத் தெரிந்ததை அடுத்தவனுக்குப் புரிய எழுதவேண்டும், தன் பாடத்துக்கு வெளியே இருக்கிற மனுஷனின் சுகதுக்கமும் தெரியவேண்டும், அதற்குத்தான் எல்லோருக்கும் பொதுவாக இந்தப் பாடங்கள் என்றார். அப்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது. இப்போது யோசித்தால், வெளிச்சத்தின் வேகம் தெரிந்த நீ ஒன்பது வாரமாக எந்தப் பாஷையிலும் ஒரு வரி எழுதவில்லை. நான் அனுப்பிய கடிதங்களிலும் மார்க்கைத் தவிர வேறெதுவும் கேட்டதில்லை. சுகதுக்கப் பரீட்சை என்று ஒன்று வைத்தால் இந்த வீட்டில் இரண்டு பேர் பெயில்.

அன்று சாயங்காலம் உன் லாட்ஜுக்கு எதிரே டீக்கடையில் நின்றிருந்தேன். நீ இறங்கி மெஸ்ஸுக்குப் போனாய். சட்டை தொளதொளவென்று இருந்தது, ஒரு செருப்பு வார் அறுந்து இழுத்துக்கொண்டு நடந்தாய். கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டால் எனக்குத் தெலுங்கில்தான் வரும், அது உன் காதில் கேள்வித்தாள் மாதிரி விழுமோ என்று வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னதும் உன் அம்மா கேட்டது ஒன்றுதான், "அன்னம் தின்னாடா?" சாப்பிட்டான் என்றேன். மெஸ் வாசல் வரைக்கும்தான் நான் பார்த்தேன்.

அவிநாசிக்குப் பிறகு தபாலில் ஒரு தெலுங்கு அரிச்சுவடி வருவித்தேன். ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் என் பச்சை இங்க் பேனாவால் எழுதிப் பழகுகிறேன். முக்கால்வாசி எழுத்து தலையில் ஒரு டிக் போட்டுக்கொண்டு நிற்கிறது. நமக்குத்தான் டிக் போட ஆளில்லை. நாலாவது பாடம் வந்திருக்கிறேன். நீ செப்டம்பரில் எழுது, இந்தத் தடவை வீட்டில் இன்னொருத்தனும் படிக்கிறான் என்று நினைத்துக்கொள். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் முப்பத்தொன்று. பழைய மார்க் மெமோவின் நம்பர் வேண்டுமாம், உன் அம்மா டிரங்குப் பெட்டியில் தேடிக்கொண்டிருக்கிறாள். பாஸோ பெயிலோ, ஒரு நடை ஊருக்கு வா கண்ணு. செருப்பை முதலில் தைத்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. உன் தலையில் எங்கள் இரண்டு பேர் கையும் எப்போதும் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் நைனா,
வரதராஜுலு.

பின்குறிப்பு: மெமோ கிடைத்தது, நம்பரைத் தனிச் சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். அதோடு கூட, நீ காலேஜில் சேர்ந்தபோது முதலில் நிரப்பி, அடித்தல் திருத்தலால் வீணாகி, வேறு வாங்கி எழுதினோமே, அந்தப் பழைய விண்ணப்பப் பாரமும் அகப்பட்டது. பார்ட் டூ என்ற இடத்தில் உன் கையெழுத்தில் தமிழ் என்று இருக்கிறது. அதை அடித்துவிட்டு மேலே தெலுங்கு என்று எழுதியிருப்பது பச்சை இங்க்.